ஆறு தட்டுப் புகைக்கரி

அந்த வருடம் எனக்கு எதைப் பார்த்தாலும் அலுப்பாக இருந்தது. ஐந்து மணிக்கு எழுந்து, அம்பாங்கானிலிருந்து கோலா சாவா தாண்டி இருக்கும் ஒரு செம்பனைத் தோட்டத்துப் பள்ளிக்குக் காடி ஓட்ட வேண்டும். நாற்பது சொச்சம் பிள்ளைகள்தான். பிள்ளைகள் குறைந்தால் வேலை குறையும் என்று நினைப்பவர்கள் ஒரு வாரம் வந்து பார்க்கட்டும். பெரிய பள்ளியில் இருபது பேர் பங்கு போட்டுக்கொள்ளும் பொறுப்புகளை இங்கே ஏழு பேர் சுமக்கிறோம். நான் அறிவியல், நானே ஓவியம், நானே நூல்நிலையம், நானே இரவல் பாடநூல், சிற்றுண்டிச்சாலையில் கோழிக்கறி வெந்ததா என்று பார்த்துக் கையெழுத்துப் போடுவதும் நானே. பாடம் நடத்துவது இதற்கெல்லாம் இடையில் எப்போதாவது நடக்கும் காரியம்.

இந்த லட்சணத்தில்தான் நானோ வந்து சேர்ந்தது. மாணவர்களுக்கு நானோ தொழில்நுட்பத்தைப் பரிசோதனை மூலமாகவும் கலை மூலமாகவும் கற்பிக்க வேண்டுமாம். சிரம்பானில் அரை நாள் பயிற்சி, பிறகு மாநில அளவில் ஒரு கண்காட்சிப் போட்டி. தலைமையாசிரியை என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்து, தன் மைலோவில் பாதியை எனக்கு ஊற்றிக் கொடுத்தபோதே எனக்குத் தெரிந்துவிட்டது.

“நீங்கதான் சயின்ஸ், நீங்கதான் ஓவியம். உங்கள விட்டா எனக்கு யாரு இருக்கா, சொல்லுங்க” என்றார்.

எங்கள் வகுப்பறை மின்விசிறி ஓடினால் விளக்கு எரியாது, விளக்கு எரிந்தால் மின்விசிறி ஓடாது. அதைச் சரிசெய்ய எட்டு மாதமாக ஆள் வரவில்லை. இதில் நானோவாம். வீட்டுக்குப் போய் என் கணவரிடம் அரை மணி நேரம் புலம்பினேன். அவர் செய்தியைப் பார்த்துக்கொண்டே “செய், உனக்குத்தான் பிடிக்குமே” என்றார். அந்த மனிதருக்கு நான் பேசுவது காதில் விழுகிறதா என்பதே எனக்குச் சந்தேகம்.

முதல் பாடம் காகிதம் வெட்டுவது. ஒரு சாணுக்குக் கொஞ்சம் கூடுதலான காகிதப் பட்டையைப் பாதியாக வெட்டு, அந்தப் பாதியைப் பாதியாக வெட்டு. இப்படி இருபத்தெட்டு முறை வெட்டினால் நானோ அளவுக்கு வந்துவிடலாம். ஒரு மில்லிமீட்டரை ஒரு மில்லியன் துண்டு போட்டால் அதில் ஒரு துண்டு. பிள்ளைகள் எட்டாவது வெட்டு வரைக்கும் ஆர்ப்பாட்டமாகப் போனார்கள். பத்தாவதில் கத்தரிக்கோலின் வாய்க்குள் காகிதம் காணாமல் போய்விட்டது. ஒரு பையன் தன்னுடையதைத் தும்மி ஊதிவிட்டு, நானோவுக்குப் போய்விட்டேன் டீச்சர் என்றான். நானும் சிரித்துவிட்டேன். அந்த மாதம் நான் வகுப்பில் சிரித்தது அதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன்.

அடுத்து நகப்பூச்சு. நிறமில்லாத நகப்பூச்சில் ஒரு சொட்டைத் தண்ணீர்த் தொட்டியில் விட்டால், கண்ணுக்குத் தெரியாத மெல்லிய ஏடாக அது மேலே பரவும். கறுப்புக் காகிதத்தைத் தண்ணீருக்குள் நழுவவிட்டு அந்த ஏட்டோடு சேர்த்துத் தூக்கினால், காகிதம் முழுக்க மயில் கழுத்து நிறம். சாயம் எதுவும் போடவில்லை. ஏடு எத்தனை மெல்லியது என்பதுதான் நிறமாகத் தெரிகிறது. ராசாவில் ஒரு பலசரக்குக் கடையில் பன்னிரண்டு புட்டி வாங்கினேன். கடைக்காரர் என் வெட்டப்படாத நகங்களைப் பார்த்தார், புட்டிகளைப் பார்த்தார். “வீட்ல கல்யாணமா டீச்சர்?” என்று கேட்டார். நானோ என்று சொல்லிப் புரியவைக்கத் தெம்பில்லாமல் ஆமாம் என்று சொல்லிவிட்டேன். பொண்ணுக்கா பையனுக்கா என்று கேட்பதற்குள் வெளியே வந்துவிட்டேன்.

இதிலெல்லாம் பட்டும் படாமலும் இருந்த ஆறாம் ஆண்டுப் பெண் ஒருத்தி, மூன்றாவது பாடத்தில்தான் என்னை நிமிர்ந்து பார்த்தாள். அன்றைக்குப் பள்ளிக் கால்வாய் ஓரத்துச் சேம்பு இலைகளைப் பறித்து வந்து தண்ணீர் ஊற்றினோம். தண்ணீர் ஒட்டாமல் உருண்டு ஓடியது. அவள் இலையை அப்படியும் இப்படியும் சாய்த்துக்கொண்டே இருந்தாள்.

“டீச்சர், தண்ணிக்கு இலைய பிடிக்கலயா, இலைக்குத் தண்ணிய பிடிக்கலயா?”

இலையின் மேலே கண்ணுக்குத் தெரியாத குட்டிக் குட்டி மேடுகள் இருக்கின்றன, இடையில் காற்று நிற்கிறது, தண்ணீர் அந்த மேடுகளின் நுனியில் மட்டும்தான் உட்காருகிறது என்றேன். “அப்ப ரெண்டும் தொடவே இல்ல” என்று அவளாகவே சொல்லிக்கொண்டாள். நல்ல மூளை. இத்தனை நாள் நான் கவனிக்காமல் விட்ட மூளை. அதை நினைத்தால் இப்போதும் எனக்கு என் மேல் கோபம் வருகிறது.

அவளுடைய அம்மாதான் எங்கள் பள்ளியின் துப்புரவுப் பணியாளர். குத்தகை வேலை. பள்ளி முடிந்த பிறகு வந்து கூட்டித் துடைத்து, கழிவறை கழுவி, ஐந்து மணிக்குப் போவாள். என்னைவிடப் பதினைந்து வயதாவது சின்னவள். பெண்ணின் அப்பா ஜொகூரில் லோரி ஓட்டுகிறார், மாதத்துக்கு ஒரு முறை வருவார். வீட்டில் இரண்டு தம்பிகள். அம்மா வேலையில் இருக்கும்போது இவள்தான் அவர்களுக்குச் சோறு போட்டு, குளிப்பாட்டி, வீட்டுப்பாடம் செய்ய வைக்க வேண்டும்.

சேம்பு இலை செய்வதைப் புகைக்கரியும் செய்யும். மெழுகுவர்த்தி மேல் கண்ணாடியைப் பிடித்தால் படிகிற கரி இருக்கிறதே, அது அத்தனை நுண்ணிய துகள். அதன் மேல் தண்ணீர் நிற்காது. மெழுகுவர்த்தி தீர்ந்துபோன ஒரு நாள், சரஸ்வதி படத்துக்கு முன்னால் இருந்த அகல் விளக்குகளை எடுத்து வந்து, மூன்று செங்கல் வைத்து, எவர்சில்வர் தட்டுகளை மேலே கவிழ்த்தோம். மெழுகுவர்த்தியைவிட நன்றாகவே பிடித்தது. அந்தக் கரியில் அவள் ஈர்க்குச்சியால் கீறிப் படம் வரைந்தாள். சாயம் கலந்த தண்ணீரை ஒரு சொட்டு விட்டுத் தட்டைச் சாய்த்தால், கரியின் மேல் நிற்காமல் ஓடுகிற சொட்டு, கீறிய கோட்டுக்குள் விழுந்ததும் அங்கேயே தங்கிவிடும். பத்துச் சொட்டில் படம் தானாகச் சிவப்பாக எழுந்து வரும். எல்லாரும் மயிலும் பூவும் வரைய, இவள் ஒரு லோரியை வரைந்தாள். செம்பனைக் குலை ஏற்றிய லோரி, சக்கரத்தில் சேறு உட்பட. தலைமையாசிரியை வந்து பார்த்துவிட்டு, “ஐயோ, இது ஜெயிச்சிரும்லா” என்றார்.

அவளுக்கு விடுதிப்பள்ளிக்குப் போக ஆசை. அஸ்ராமா, அஸ்ராமா என்று மூச்சுக்கு மூச்சு. ஆறாம் ஆண்டோடு எங்கள் பள்ளி முடிகிறது; அடுத்து முதலாம் படிவத்துக்கு அரசாங்க விடுதிப்பள்ளியில் இடம் கிடைத்தால் தனிக் கட்டில், தனி மேசை, படிக்க நேரம். “அங்க நான் படிச்சா மட்டும் போதும்தானே டீச்சர்?” என்று ஒரு நாள் கேட்டாள். அந்தக் கேள்வியில் அவள் வீடு முழுவதும் தெரிந்தது. திறன் தேர்வை நன்றாகத்தான் எழுதியிருந்தாள். ஆனால் புறப்பாட நடவடிக்கையில் காட்ட ஒன்றுமில்லை. எங்கள் பள்ளியில் ஓட ஒரு திடல்கூட ஒழுங்காக இல்லை, எங்கே போய்ச் சான்றிதழ் வாங்குவாள்? மாநில அளவில் பரிசு வாங்கினால் கூடுதல் புள்ளி கிடைக்கும் என்று நான்தான் சொன்னேன். அவள் அம்மா விடுதிப்பள்ளி விண்ணப்பப் பாரத்தில் கையெழுத்துப் போட்டபோது, “போகட்டும் டீச்சர், அவளாவது போகட்டும்” என்றாள்.

கண்காட்சிக்கு முந்திய நாள் மதியம் ஆறு தட்டு தயாராகிவிட்டது. ஐந்தில் படம், ஒன்று தொட்டுப் பார்க்க. ஒரு விரல் பட்டால் போச்சு என்பதால் யாரும் நகர்த்தவில்லை. செங்கல், அகல், எண்ணெய்ப் புட்டி எல்லாவற்றையும் பக்கத்திலேயே விட்டுவிட்டு, படம் கீறிய பக்கத்தில் தூசி விழாமல் இருக்க, மறுபடியும் கவிழ்த்து, நான்கு பக்கமும் முட்டுக் கொடுத்து வைத்தோம். துப்புரவு செய்ய வருகிறவளிடம் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றாமல் இல்லை. அவள் கீழே கழிவறைப் பக்கம் வாளி வைத்துக்கொண்டிருந்தாள். நான் இருந்தது மாடியில். தலைவலி. இறங்கிப் போய், அந்த நாற்றத்தில் நின்று பேசி, மறுபடி ஏறிவந்து பையை எடுக்க வேண்டும். மகள் சொல்லியிருப்பாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு பின்படியில் இறங்கிக் காடியில் ஏறிவிட்டேன். மகளோ, டீச்சர் சொல்லியிருப்பார்கள் என்று தம்பிகளைப் பார்க்க ஓடியிருக்கிறாள்.

மறுநாள் காலை ஆறே முக்காலுக்கு நாங்கள் மாடிக்குப் போனபோது மேசையில் ஆறு தட்டும் தேய்த்துக் கழுவி, ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி வைத்திருந்தது. என் முகம் தெரிகிற அளவுக்குப் பளபளவென்று இருந்தது. பக்கத்தில் மூன்று சின்னத் தைல டப்பா. திறந்தால் உள்ளே கறுகறுவென்று, வழவழவென்று, கண் மை.

அந்தத் தோட்டத்து லயத்தில், வரிசை வீடுகளில், பிறந்த எந்தக் குழந்தைக்கும் பெண்ணின் அம்மாதான் மை செய்து கொடுப்பாள். செங்கல் வைத்து, அகல் ஏற்றி, தட்டைக் கவிழ்த்து, படிந்த கரியை வழித்து விளக்கெண்ணெயில் குழைப்பாள். அன்றைக்கு அவள் கண்ணில் பட்டது அதே செங்கல், அதே அகல், கவிழ்த்த தட்டு. பிள்ளைகள் சிரம்பானில் மேடை ஏறப் போகிறார்கள் என்று தலைமையாசிரியை வேறு சொல்லியிருக்கிறார். ஆட்டத்துக்கு மை கூட்டுகிறார்கள், பாவம் டீச்சருக்கு முடிக்க நேரமில்லை என்று நினைத்துவிட்டாள். வழித்தாள், குழைத்தாள், தட்டையும் கழுவி வைத்தாள். தட்டைத் திருப்பியபோது தெரிந்த கீறல்களைப் பிள்ளைகள் குச்சியால் வழித்துப் பார்த்தது என்று எடுத்துக்கொண்டாள். தட்டின் அடியில் படம் இருக்கும் என்று எந்தப் பெண்ணுக்குத் தோன்றும்? வேறு யாராக இருந்தாலும் அழுக்கு என்று தொடாமல் விட்டிருப்பார்கள். எங்கள் ஆள் என்பதால்தான் அது மை.

நான் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். கத்தவேண்டும் போல இருந்தது, கத்தத் தெம்பில்லை. பெண் டப்பாவைத் திறந்து மோந்து பார்த்தாள். “அம்மா” என்று மட்டும் சொன்னாள். அழவில்லை. அகலை எடுத்துத் திரி போட்டு, ஒரு தட்டைக் கையிலேயே பிடித்து நெருப்பின் மேல் காட்ட ஆரம்பித்தாள். கீழே வேன்காரர் ஹோன் அடித்துக்கொண்டே இருந்தார். கால் மணி நேரத்தில் ஒரு தட்டு தேறியது. படம் கீற நேரமில்லை. போகிற வழியில் மடியில் வைத்துக்கொண்டு கீறிவிடலாம் என்றாள். ரந்தாவ் சாலை எப்படி இருக்கும் என்று அந்தப் பக்கம் போனவர்களுக்குத் தெரியும். முதல் குழியிலேயே அவள் கட்டைவிரல் தட்டின் நடுவில் பதிந்துவிட்டது.

மண்டபத்தில் நெருப்புக்கு அனுமதி இல்லை. எங்கள் மேசைக்கு மூன்று நடுவர்கள் வந்தார்கள். அவள் மலாயில் நன்றாகவே விளக்கினாள். சொட்டு உருண்டது, விரல் அடையாளத்தில் போய் ஒட்டிக்கொண்டது. விரலில் எண்ணெய்ப் பிசுக்கு இருக்கிறது, அது காற்று நின்ற இடத்தை அடைத்துவிட்டது, அதனால்தான் தண்ணீர் ஒட்டுகிறது என்று அதற்கும் காரணம் சொன்னாள். நடுவர்களில் வயதானவர் தலையாட்டிக் கேட்டுவிட்டு, எல்லாம் சரி, கலை எங்கே என்றார். அவள் என்னைப் பார்த்தாள். நகப்பூச்சுக் காகிதங்களைக் காட்டினேன். அதே காகிதம் அந்த மண்டபத்தில் எல்லா மேசையிலும் இருந்தது. அவர் பாரத்தில் ஏதோ எழுதிக்கொண்டு நகர்ந்துவிட்டார்.

பங்கேற்புச் சான்றிதழ் கிடைத்தது. வந்த எல்லாருக்கும் கொடுத்த சான்றிதழ்.

திரும்பும் முன் அவளைக் காணோம். தேடிப் போனால் கழிவறைக் கண்ணாடி முன்னால் நின்று, ஒரு டப்பாவைத் திறந்து கண்ணுக்கு மை தீட்டிக்கொண்டிருந்தாள்.

“என்னடி பண்ற?”

“அம்மா கேட்ல நிப்பாங்க டீச்சர். போட்டுக்கலன்னா ஏன்னு கேப்பாங்க.” இன்னொரு கண்ணையும் தீட்டி முடித்தாள். “தோத்தது மையாலதான்னு நீங்க சொல்லிறாதீங்க டீச்சர். தாப்பா லா, பரவால்ல, அடுத்த தடவ பாத்துக்கலாம்.”

ஆறாம் ஆண்டுப் பிள்ளைக்கு அடுத்த தடவை என்று ஒன்று இல்லை. அது அவளுக்கும் தெரியும். அம்மா கேட்டில் நின்றாள். மகளின் தாடையைப் பிடித்துத் திருப்பி, மை கலையாமல் இருக்கிறதா என்று பார்த்து, “நல்லா நின்னுருக்கு” என்று சிரித்தாள். நான் கணினிக்குள் புள்ளிகளை ஏற்ற வேண்டும் என்று சொல்லிவிட்டு மாடிக்குப் போய்விட்டேன். கோழை நான், வேறென்ன.

விடுதிப்பள்ளி முடிவு இணையத்தில் வந்த அன்று, என் கைப்பேசியில்தான் பார்த்தோம். அடையாள எண்ணைப் போட்டதும், மன்னிக்கவும் என்று தொடங்கும் ஒரு வாக்கியம் வந்தது. காரணம் எதுவும் போடமாட்டார்கள். பரிசு கிடைத்திருந்தால் இடம் கிடைத்திருக்குமா? எனக்குத் தெரியாது. யாருக்கும் தெரியாது. அவள் கைப்பேசியை என்னிடம் திருப்பிக் கொடுத்து, நன்றி டீச்சர் என்றாள். அந்த நன்றியைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

இரண்டு நாள் கழித்து மதியம், நான் தனியாகப் பாடநூல்களை எண்ணிக்கொண்டிருந்தபோது அவள் அம்மா துடைப்பத்தோடு வந்தாள். துடைக்கவில்லை. வாசலிலேயே நின்றாள். வகுப்புப் பையன் யாரோ விஷயத்தைப் போட்டு உடைத்திருக்கிறான்.

“அந்தக் கரிதானாமே டீச்சர் பரீட்சைக்கு வெச்சது.”

இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். முகத்தைப் பார்த்ததும் சொல்ல வரவில்லை. “உன் மேல தப்பில்லம்மா” என்றேன். “அன்னிக்கு உன்ன பாத்து ஒரு வார்த்த சொல்லியிருக்கணும். எறங்கி வர அலுப்புப்பட்டுக்கிட்டு வீட்டுக்குப் போயிட்டேன். என் சோம்பேறித்தனம். நீ என்ன வேணும்னாலும் திட்டு.”

இத்தனை மாதம் சொல்லாமல் வைத்திருந்தது வெளியே வந்துவிட்டது. அவள் திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டினால் எனக்குக் கொஞ்சம் இலேசாக இருந்திருக்கும். அவள் நான் சொன்னதைக் கேட்ட மாதிரியே தெரியவில்லை. துடைப்பக் கட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தாள்.

“மை கூட்டினது தெரியாம செஞ்சது டீச்சர். அதுக்கு நான் சாமிகிட்ட சொல்லிக்குவேன். அது இல்ல.”

“பின்ன என்னம்மா?”

“அவளுக்கு எடம் கெடைக்கலன்னு வந்து சொன்னா பாருங்க. சொல்லிட்டு என் மடியில படுத்து அழுதா. நானும் அழுதேன். தம்பிங்களும் பாத்துட்டு அழுதானுங்க.” துடைப்பத்தைச் சுவரில் சாய்த்து வைத்தாள். “ஆனா டீச்சர், எனக்கு உள்ளுக்குள்ள சந்தோஷமா இருந்துச்சு. இனி இவ எங்கயும் போகமாட்டா, சின்னவனுங்கள பாத்துக்க ஆள் இருக்கு, நான் நிம்மதியா வேலைக்குப் போகலாம்னு. அவ அழுதுகிட்டு இருக்கா, எனக்கு அப்பாடான்னு இருக்கு.”

நான் எழுந்து அவள் பக்கத்தில் போய் நின்றேன். தொட்டால் விலகிவிடுவாளோ என்று கையையும் நீட்டவில்லை.

“கரிய வழிச்சதுக்கு என்னைய மன்னிச்சிருவா டீச்சர், அப்பவே மன்னிச்சிட்டா” என்றாள். “இது தெரிஞ்சா மன்னிப்பாளா?”